கிழங்கை வெட்டாமல் வள்ளிக்கொடித் துண்டிலிருந்து நாற்று எடுக்கும் முறை

பெருவள்ளி, சிறுவள்ளி போன்ற கிழங்குகளைப் பயிரிடுவோர் அறுவடையில் கணிசமான பங்கை அடுத்த பருவத்து விதைக்காக ஒதுக்க வேண்டியிருக்கிறது. கொடித் துண்டிலிருந்தே நாற்று எடுத்தால் அந்தக் கிழங்கு மிஞ்சும். விதைக்கிழங்கோடு தோட்டத்துக்குள் நுழையும் நூற்புழுக்களையும் தவிர்க்கலாம். ஆனால் நச்சுயிரி நோய் கொடியிலும் இருக்கும் என்பதால், இலையில் மஞ்சள் திட்டோ சுருக்கமோ காணும் செடியைத் தாய்ச்செடியாகக் கொள்ளக் கூடாது.

முதலில் கொடியின் வயதைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். சர்க்கரைவள்ளிக் கொடியை மண்ணில் ஊன்றினாலே வேர்விட்டுவிடும். பெருவள்ளி, சிறுவள்ளிக் கொடி அவ்வளவு எளிதில் இணங்காது. முளைத்து இரண்டு, மூன்று மாதமாகி, இன்னும் பூக்காமலும் அடியில் கிழங்கு திரளாமலும் இருக்கும் செடியே ஏற்றது. அதைக் கடந்த கொடியில் வெட்டிய துண்டு, வேரும் தளிரும் விடுவதற்குப் பதிலாகக் கணுவில் ஒரு சிறு கிழங்கைத் திரட்டிவிட்டுக் காய்ந்துபோகும்.

அடுத்து, காலை வேளையில், பக்கக்கிளையின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு கணுக்கள் உள்ள துண்டுகளைச் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். இளநுனி எளிதில் அழுகும். மேல்கணுவின் இலைகளை விட்டுவைத்து, கீழ்க்கணுவின் இலைகளை மட்டும் நீக்குங்கள். வேரூக்கிப் பொடி கட்டாயமன்று.

பிறகு, கழுவி வடித்த உமிக்கரியைக் குழித்தட்டில் நிரப்பி, கீழ்க்கணு நன்றாகப் புதையும்படி துண்டுகளை ஊன்றுங்கள். நிழலில் வைத்து, இலை வாடாதபடி பூவாளியால் லேசாகத் தெளித்து, மேலே பிளாஸ்டிக் தாளைக் கூடாரம்போல் மூடினால் காற்றில் ஈரம் நிற்கும். உமிக்கரியில் தண்ணீர் தேங்கினால் தண்டு கறுத்துவிடும்.

இரண்டு, மூன்று வாரங்களில் ஒரு துண்டை மெல்ல எடுத்துப் பார்த்தால், இலைக்காம்பு சேர்ந்திருந்த இடம் சற்றே புடைத்து, அதிலிருந்து வெள்ளை வேர்கள் கிளம்பியிருக்கும். தளிரும் வேரும் பின்னர் கிழங்கும் இந்தப் புடைப்பிலிருந்தே வருகின்றன. ஆகவே வேர் இருந்தும் தளிர் காணாத துண்டை அவசரப்பட்டு எறிய வேண்டாம்.

தளிர் வந்ததும் பிளாஸ்டிக் தாளைச் சிறிது சிறிதாக விலக்கி, வெயிலுக்குப் பழக்கி, மண்ணும் மட்கிய எருவும் கலந்த பைக்கோ பாத்திக்கோ மாற்றி, படரக் கொம்பு நடுங்கள். முதல் பருவத்தில் கிடைப்பவை சிறு கிழங்குகளே. அவற்றை விதையாகவே கருத வேண்டும். கொடி முழுவதும் காய்ந்தபின் தோண்டி, காற்றோட்டமான நிழலில் பரப்பி வையுங்கள். உறக்கம் கலைந்து முளை தெரிந்ததும், வெட்டாமல் முழுக்கிழங்காகவே நடலாம்.