“யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா”: குழந்தைகளோடு வேலை செய்யப்போகும் புதுத் தன்னார்வலருக்கு

விண்ணப்பம், அடையாள அட்டை, நடத்தை விதிகளில் கையெழுத்து இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நீங்கள் சேரும் அமைப்பே பார்த்துக்கொள்ளும். பின்னணி எதையும் விசாரிக்காமல் “நாளைக்கே வாங்க” என்று ஓர் அமைப்பு கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள். உங்களை விசாரிக்காதவர்கள், உங்களுக்கு முன்னால் வந்தவரையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

படி 1: ஒரு பெயரைக் கேட்டு வாங்குங்கள்

ஒரு குழந்தையைப் பற்றிக் கவலை வந்தால் யாரிடம் சொல்வது? “ஆபீஸ்ல சொல்லுங்க” என்ற பதில் போதாது. அதற்கென்று இருக்கும் பொறுப்பாளரின் பெயரும் போன் நம்பரும் வேண்டும். அவர் லீவில் இருந்தால் யார்? புகாரே அவரைப் பற்றியது என்றால் யார்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

படி 2: மறைவாக இருக்காதீர்கள்

ஒரு பெரியவர், ஒரு குழந்தை, மூடிய கதவு. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரவே கூடாது. தனியாகக் கணக்குச் சொல்லித்தர வேண்டுமா? கூடத்தின் ஓரத்தில், மற்றவர் கண்ணில் படுகிற மாதிரி உட்காருங்கள். வண்டியில் ஏற்றிப்போய் வீட்டில் விடுவதும் இதில் அடங்கும். குழந்தை தானாக ஓடிவந்து கட்டிக்கொண்டால் தள்ளிவிடாதீர்கள். பக்கவாட்டில் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

குடும்பங்களைப் பார்க்கப் போனால் இரண்டு பேராகப் போங்கள். கைக்காசைத் தனியாகக் கொடுக்காதீர்கள். மனசு கேட்காதுதான், ஆனால் கொடுத்த பிறகு உங்களிடம் ‘மாட்டேன்’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

படி 3: போன் பையிலேயே இருக்கட்டும்

“முகத்தை மறைச்சுத்தான் ஸ்டேட்டஸ் போட்டேன்” என்பார்கள். சட்டையில் பள்ளிச் சின்னம் இருக்கும், பின்னால் பெயர்ப்பலகை இருக்கும். லொக்கேஷன் ஆனில் இருந்தால் எடுத்த இடமும் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். அடிக்கும் ஒருவரிடமிருந்து தப்பி வந்து ஒளிந்திருக்கும் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்க இவ்வளவு போதும். அமைப்புக்குப் படம் தேவையென்றால் எழுத்தில் சம்மதம் வாங்கி அவர்களே எடுக்கட்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் குழந்தை வேண்டாம் என்றால் வேண்டாம்.

படி 4: சத்தியம் செய்யாதீர்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். ஒரு சிறுமி பென்சில் சீவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஒண்ணு சொல்வேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா, சத்தியமா?” என்றாள். நானும் “சத்தியமா” என்றேன். அவள் சொன்னது நான் மூடிவைக்கக்கூடிய விஷயமே இல்லை. அன்று மாலையே பொறுப்பாளரிடம் சொன்னேன். சொன்னது சரி. தப்பு, அதற்கு முன்னால் செய்த சத்தியம். அதன்பிறகு மூன்று வாரம் அவள் என் பக்கத்திலேயே உட்காரவில்லை. பெரியவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டார்கள் என்று ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்த குழந்தைக்கு நானும் ஒரு சாட்சி ஆனேன்.

இப்போது நான் சொல்வது இது: “நீ சொல்றதைக் கேக்கறேன். உன்னைப் பத்திரமா பாத்துக்க இன்னொருத்தர் உதவி வேணும்னா அவங்ககிட்ட சொல்ல வேண்டியிருக்கும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்.” வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த நேரத்தில் வார்த்தை வராது.

இதைக் கேட்டுச் சில குழந்தைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தோண்டாதீர்கள். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

பேசினால், “அப்புறம்?” என்பது போதும். “அவர்தானே அடிச்சார்?” என்று பதிலை நாமே கேள்விக்குள் வைத்தால் அது குழந்தையின் நினைவோடு கலந்துவிடலாம், பின்னால் விசாரணையும் பலவீனமாகும். “ஏன் முன்னாடியே சொல்லல?” என்றால் பழி குழந்தை தலையில் விழும். சந்தேகப்படும் ஆளிடம் நீங்களே போய்க் கேட்கவே கேட்காதீர்கள். அவர் திரும்பிப்போய் நிற்கப்போவது அந்தக் குழந்தையின் முன்னால்தான்.

படி 5: எழுதுங்கள்

தேதி, நேரம், இடம், குழந்தை சொன்ன அதே சொற்கள். “பயந்திருந்தாள்” என்பது உங்கள் ஊகம், “மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்” என்பது நீங்கள் பார்த்தது. நான் பக்க எண் போட்ட தைத்த நோட்டுக்காரி. ஸ்பைரல் நோட்டில் தாளைக் கிழித்தால் தடயமே இருக்காது, போனில் எழுதினால் எங்கெங்கே பேக்கப் ஆகிறது என்று நமக்கே தெரியாது. எழுதியதைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒரு தம்பி, தனக்கு 19 வயது, வகுப்புக்கு வரும் பெண்ணுக்கு 17, வெளியே நண்பர்களாகப் பழகலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது தம்பி. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை பொதுவாக 18 வயதுக்குக் கீழிருப்போரைக் குழந்தைகள் என்கிறது. வயது இரண்டுதான் தள்ளி இருக்கலாம், ஆனால் அங்கே நீங்கள் ஆசிரியர்.

இன்னொருவர், இரவு பதினொன்றுக்கு ஒரு பையன் இன்ஸ்டாகிராமில் “தூங்கிட்டீங்களா அண்ணா” என்று அனுப்புகிறான், என்ன செய்ய என்கிறார். ஆபத்து என்று தோன்றினால் உடனே பொறுப்பாளருக்குப் போன் செய்யுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். சும்மா பேச்சுத்தான் என்றால் “நாளைக்கு வகுப்புல பேசலாம்” என்று ஒரு வரி. அந்த உரையாடலை அழிக்காமல் காலையில் பொறுப்பாளரிடம் காட்டிவிடுங்கள்.