முற்றத்து அடுப்பில் ஆடிக்கூழ்

ஆடி முதல் நாளான ஆடிப்பிறப்புக்கு மட்டும்தான் இந்த இனிப்புக் கூழ் என்றில்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்தால் என்றைக்கும் காய்ச்சலாம். ஆறு பேருக்கு வறுத்த பச்சரிசிமா 1½ கப், வறுத்த பாசிப்பயறு கால் கப், பனங்கட்டி (பனைவெல்லம்) 300 கிராம், பெரிய தேங்காய் 1, ஏலக்காய் 5, உப்பு ஒரு சிட்டிகை. தேங்காயில் ஒரு பிடியைச் சொட்டாக, அதாவது சிறு துண்டுகளாக நறுக்கி, மிச்சத்தில் முதற்பால், இரண்டாம் பால் என்று தனித்தனியே பிழியுங்கள்.

6 கப் தண்ணீரில் பயறு நசியுமட்டும் அவியட்டும். பனங்கட்டி முந்தினால் பயறு வேகாது. 1 கப் மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, சுண்டுவிரல் நுனியளவு உருண்டைகளாக்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதி அடங்கியிருந்தால் கரைந்து கஞ்சியாகிவிடும். மிதந்து வரும்வரை அகப்பை போடக்கூடாது.

பிறகு விறகை வெளியே இழுத்துத் தணலில் விடுங்கள். பனங்கட்டியைச் சுடுநீரில் கரைத்து வடித்தே ஊற்றவேண்டும், மண் இருக்கும். மிச்ச மாவை இரண்டாம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, அடிதொட்டுத் துழாவுங்கள். காற்றடிக்கிற பக்கம் தணல் சீறும், அங்கேதான் முதலில் அடிப்பிடிக்கும். சொட்டு, உப்பு, ஏலம், கடைசியில் முதற்பால். நுரை கூடியதும் இறக்குங்கள். கொதித்தால் பால் திரியும். ஆற ஆறத் தடிக்கும், தளர்வாகவே இறக்குங்கள். குடிக்கப் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தினால் போதும், கரண்டி வேண்டாம்.