கூம்புத் தொப்பியும் 120 பாகையும்

அட்டையில் ஒரு கூம்புத் தொப்பி செய்ய உட்கார்ந்தேன். அடிப்பக்க ஆரம் 7 செ.மீ., சாயுயரம் (உச்சியிலிருந்து அடி விளிம்பு வரையுள்ள சரிவு நீளம்) 21 செ.மீ. அடிச்சுற்று 2 × 22/7 × 7 = 44 செ.மீ. சரி, 21 ஆரத்தில் வட்டம் வரைந்து, ஸ்கேலை வைத்து விளிம்பிலிருந்து விளிம்புக்கு 44 அளந்தால் போதும் என்று நினைத்தேன். ஸ்கேல் வட்டத்துக்கு வெளியே போய் நின்றது! வட்டத்தின் விட்டமே 42 தானே. நான் அளக்கப் பார்த்தது நாண், அதாவது விளிம்பின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு. தேவைப்பட்டதோ வில், சுருட்டினால் தொப்பியின் அடிச்சுற்றாக மாறும் வளைந்த விளிம்பு.

அப்புறம்தான் மையக்கோணம், அதாவது வில்லின் இரு முனைகளும் வட்ட மையத்தில் உண்டாக்கும் கோணம், நினைவுக்கு வந்தது. 21 ஆர வட்டத்தின் முழுச் சுற்றளவு 132. அதில் 44 என்பது மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் கோணமும் 360-இல் மூன்றில் ஒரு பங்கு, 120 பாகை. சூத்திரத்தை மனப்பாடம் செய்ததைவிட இந்தப் பங்குக் கணக்கு எனக்குச் சுலபமாகப் பட்டது. பாகைமானியை வைத்துக் குறித்து வெட்டினேன்.

வெட்டிய துண்டின், அதாவது வட்டக்கோணப்பகுதியின், பரப்பையும் போட்டுப் பார்த்தேன்: வில் × ஆரம் ÷ 2, அதாவது 44 × 21 ÷ 2 = 462 ச.செ.மீ. கூம்பின் வளைபரப்புச் சூத்திரமும் அதே 462-ஐத்தான் தந்தது.

ஒட்டுவதற்கு ஓரம் விட மட்டும் மறந்துவிட்டேன். இரண்டாவது அட்டையில் 4 பாகை கூட்டி வெட்டினேன். விளிம்பில் ஒன்றரை செ.மீ. கிடைத்தது.