வீட்டு டேகேர் அட்மிஷன் ஃபார்ம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்லயே டேகேர் நடத்துறவங்க நிறைய பேர் அட்மிஷன் ஃபார்ம்னா ஃபீஸ் எவ்ளோ, எந்த தேதிக்குள்ள கட்டணும், கீழ ஒரு கையெழுத்து, அவ்ளோதான்னு நினைக்கிறாங்க. ஆனா அந்த ஃபைலை நீங்க அவசரமா தேடி எடுக்கப்போறது ஒரு குழந்தைக்கு திடீர்னு முடியாம போற நேரத்துலதான். ஒரு குழந்தை இடுப்புல அழுதுட்டு இருக்கும், இன்னும் ரெண்டு மூணு பேர் காலை சுத்திட்டு இருப்பாங்க, அப்போ தேவையானது சட்டுனு கண்ணுல படணும். அந்த நேரத்தை மனசுல வெச்சு ஃபார்ம் தயார் பண்ணுங்க.

பெரிய சென்டரோட ஃபார்மை டவுன்லோட் பண்ணி பேரை மட்டும் மாத்தி கொடுக்கிறத நிறைய பார்க்கலாம். அதுல வேன், நர்ஸ், சமையல் ஸ்டாஃப்னு உங்க வீட்ல இல்லாததெல்லாம் இருக்கும், உங்க வீட்ல இருக்கிறது எதுவும் இருக்காது. வீட்ல வேற யார் யார் இருக்காங்க, நாய் பூனை உண்டா, உங்களுக்கே முடியலன்னா அன்னைக்கு யார் பார்த்துப்பாங்க, இதெல்லாம் பெற்றோருக்கு எழுத்துல தெரியணும். முதல்ல உங்க ஏரியால லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸ் கட்டாயம்னு சொல்ற ஃபார்ம் ஏதாவது இருக்கான்னு கேளுங்க, அதை வெச்சுட்டு மேல உங்களுக்கு வேணுங்கிறத சேருங்க.

எமர்ஜென்சி நம்பர்ல அம்மா நம்பர், அப்பா நம்பர், அடுத்து வேற ஊர்ல இருக்கிற தாத்தா நம்பர்னு எழுதிடுவாங்க. அம்மாவும் அப்பாவும் மீட்டிங்ல போனை எடுக்கலன்னா வேற ஊர் தாத்தா என்ன பண்ண முடியும்? அரை மணி நேரத்துல நேர்ல வந்து நிக்கக்கூடிய ஒருத்தர் பேராவது இருக்கணும், அவருக்கும் தன் பேரை கொடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சிருக்கணும். யாரை முதல்ல கூப்பிடணும்ங்கிற வரிசையையும் எழுதி வாங்குங்க, பெற்றோர் உட்கார்ந்திருக்கும்போதே அந்த நம்பருக்கெல்லாம் ஒரு தடவை அடிச்சு பாருங்க, ஒரு நம்பர் தப்பா இருந்தா அப்பவே தெரிஞ்சிடும்.

அலர்ஜி விஷயத்துலதான் எனக்கு ரொம்ப கவலை. "அலர்ஜி உண்டா? ஆம் / இல்லை"ன்னு ஒரே வரி கேட்டா பதிலும் ஒரே வார்த்தைலதான் வரும். எதை சாப்பிட்டா, சாப்பிட்டு எவ்ளோ நேரத்துல, என்ன ஆச்சு, தடிப்பு மட்டும் வந்துச்சா இல்ல மூச்சு திணறுச்சா, டாக்டர் என்ன மருந்து கொடுத்திருக்காரு, அந்த மருந்து உங்க வீட்ல எங்க இருக்கும், அதோட எக்ஸ்பைரி தேதி என்ன, இவ்ளோவும் தனித்தனியா கேக்கணும். "பால் ஒத்துக்காது"ன்னு மட்டும் எழுதியிருந்தா விடாம கேளுங்க. பால்ல இருக்கிற சர்க்கரை செரிக்காம வயித்து வலி வர்றது வேற, பால் புரதத்துக்கு அலர்ஜி வர்றது வேற, ரெண்டாவது உயிருக்கே ஆபத்தாகலாம். முன்னாடி எப்பவாவது காய்ச்சல்ல வலிப்பு வந்திருக்கான்னும் கேளுங்க, 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் வரக்கூடியது அது, ஆனா ஃபார்ம்ல தனியா கேக்கலன்னா பெற்றோருக்கு சொல்ல தோணாது.

மருந்துக்கு "தேவைப்பட்டா கொடுங்க"ன்னு மொத்தமா ஒரு கையெழுத்து வாங்கி வெச்சுக்கிறது ஆபத்து. பாராசிட்டமால் சிரப்பையே எடுத்துக்கோங்க, 5 மில்லில 120 மில்லிகிராம் இருக்கிற பாட்டிலும் உண்டு 250 இருக்கிற பாட்டிலும் உண்டு, அதனால "ஒரு ஸ்பூன்"னு எழுதினா அதுக்கு அர்த்தமே இல்ல, அளவு வேற குழந்தையோட எடையை பொறுத்தது. ஒவ்வொரு மருந்துக்கும் பேர், ஸ்ட்ரெங்த், எத்தனை மில்லி, எப்போ, எதுக்கு, எந்த தேதி வரைக்கும்னு தனி தாள் வாங்குங்க, கொடுத்த நேரத்தை நீங்களும் அதுலயே எழுதுங்க, இல்லன்னா சாயங்காலம் வீட்ல இன்னொரு தடவை கொடுத்துடுவாங்க.

ஒரு வயசு ஆகாத குழந்தைன்னா மல்லாக்க படுக்க வெச்சுதான் தூங்க வைப்போம், தலையணை வைக்க மாட்டோம், தேன் கொடுக்க மாட்டோம்னு முதல்லயே எழுதி சைன் வாங்கிடுங்க. குப்புற படுத்தாதான் தூங்குவான்னு பெரியவங்க சொல்லுவாங்க, அப்போ வாக்குவாதம் பண்ணாம அந்த தாளை காட்டலாம்.

யார் கூட்டிட்டு போகலாம்ங்கிற லிஸ்ட்ல "சித்தி", "மாமா"ன்னு மட்டும் எழுதி வாங்காதீங்க, முழுப்பேரும் போட்டோவும் வேணும். பெற்றோர் பிரிஞ்சு இருந்தா கொஞ்சம் சங்கடமான பேச்சுதான், இருந்தாலும் சேர்க்கும்போதே பேசிடணும். "அவர்கிட்ட விடாதீங்க"ன்னு ஒருத்தர் வாயால சொன்னதை மட்டும் வெச்சு பெத்தவங்கள்ல இன்னொருத்தரை வாசல்ல நிறுத்துனா நீங்கதான் மாட்டுவீங்க, கோர்ட் ஆர்டர் இருந்தா காப்பி வாங்கி ஃபைல்ல வைங்க.

காசு விஷயத்துல தெரிஞ்சவங்கதானே பேசிக்கலாம்னு விடுறவங்கதான் பின்னாடி மனஸ்தாபப்படுறாங்க. லேட்டா வந்து கூட்டிட்டு போனா எவ்ளோ, குழந்தை லீவு போட்டா ஃபீஸ் உண்டா, நீங்க லீவு எடுத்தா உண்டா, நிறுத்துறதா இருந்தா எத்தனை வாரம் முன்னாடி சொல்லணும், அட்வான்ஸ் திரும்ப வருமா, இது அஞ்சும் எழுத்துல இருக்கட்டும். கூடவே காய்ச்சல் விதியும். "காய்ச்சல் இருந்தா அனுப்பாதீங்க"ன்னா ஆளுக்கு ஒரு கணக்கு போடுவாங்க, 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டா வந்து கூட்டிட்டு போகணும், மருந்து இல்லாம காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனப்புறம்தான் திரும்ப அனுப்பணும்னு நம்பரோட எழுதுங்க.

போட்டோவுக்கு ஒரே டிக் வேண்டாம். பெற்றோருக்கு அனுப்புறதுக்கு, மத்த பெற்றோரும் இருக்கிற குரூப்ல போடுறதுக்கு, பொதுவா எல்லாரும் பார்க்கிற மாதிரி போடுறதுக்குன்னு தனித்தனியா கேளுங்க.

"ஃபார்ம் நாளைக்கு தரேன்"னு சொல்லி குழந்தையை விட்டுட்டு போறதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, ஏதாவது ஆகுறதுன்னா அந்த முதல் நாளே ஆகலாம். வாங்கினதை போன்ல மட்டும் வெச்சுக்காம ஒரு பேப்பர் காப்பியும் வைங்க, பார்க்குக்கு போகும்போது நம்பர், அலர்ஜி இருக்கிற அந்த ஒரு பக்கம் பைல இருக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பெற்றோர்கிட்ட திருப்பி கொடுத்து நம்பர், எடை, மருந்து, தடுப்பூசி கார்டு எல்லாம் மாறியிருக்கான்னு பார்த்து தேதி போட்டு சைன் வாங்குங்க. ஃபைல் மத்த பெற்றோர் கண்ணுல படுற மாதிரி ஹால் டேபிள்ல கிடக்க வேண்டாம், பூட்டுற அலமாரில வைங்க.