ட்யூனெல் விளக்கைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஃபின்லாந்து விளக்கு வடிவமைப்பாளர் பாவோ ட்யூனெல் செய்த பித்தளைத் தொங்குவிளக்கைப் பார்த்ததும் எல்லோரும் அதன் பளபளப்பைத்தான் பேசுவார்கள். அந்த விளக்கின் கெட்டிக்காரத்தனமெல்லாம் தகட்டில் போட்ட ஓட்டைகளில் இருக்கிறது. அணைத்து வைத்திருந்தால் அடக்கமான ஒரு பித்தளைத் தொப்பி, அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டதும் மெல்லிய தகடு முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் எட்டிப் பார்க்கும். உட்புறப் பித்தளையில் பட்டுத் திரும்பும் ஒளி தேன் நிறத்தில் மேசைமேல் இறங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் தவறுகளில் பாதியை நீங்களே தவிர்த்துவிடுவீர்கள்.

முதலில் புளி. நம் வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்தில் கை தானாகவே புளியையோ எலுமிச்சையையோ தேடும். குத்துவிளக்கு கனமான வார்ப்பு, வாரா வாரம் தேய்த்தாலும் தாங்கும். இது மெல்லிய தகடு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பில் ஊறினால் மேற்பரப்பிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய் அங்கங்கே செம்பு நிறத்தில் ரோஸ் திட்டுகள் தெரியும். மேலே வார்னிஷ் பூச்சு இருந்தால் அதுவும் பொத்தல் பொத்தலாக உரியும். பாலிஷ் பேஸ்ட் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு ஓட்டையிலும் அது போய் அடைந்து காய்ந்துவிடும். பிறகு ஊசியும் கையுமாக உட்கார வேண்டியதுதான். பல ஆண்டுகளில் படிந்த பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. பழைய பொருளுக்கு மதிப்பே அந்த நிறத்தில்தான் இருக்கிறது. காய்ந்த மெல்லிய துணி, ஓட்டைகளுக்கு மென்மையான பிரஷ், இது போதும்.

அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அழுத்தி வளைத்த பித்தளை அம்மோனியா பட்டால் விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாகவே விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம்.

அடுத்து எண் குழப்பம். '1965' என்ற பெயரில் இன்று மறுபதிப்பாக விற்கும் தொங்குவிளக்கை, 1965-இல் வடிவமைத்தது என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. அது மாடல் எண். வடிவம் 1940களைச் சேர்ந்தது. ட்யூனெலின் 9602 என்ற தரைவிளக்கையும் இப்படி யாராவது ஆண்டாக எடுத்துக்கொண்டால் நாம் இன்னும் ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்!

கண்ணில் படும் ஃபின்லாந்துப் பித்தளையையெல்லாம் ட்யூனெல் கணக்கில் எழுதுவது காசைக் கரைக்கும் தவறு. ஹெல்சிங்கியின் சவாய் உணவகத்துக்காக 1937-இல் வந்த 'தங்க மணி' விளக்கு கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோவுடையது. ஓர்னோ நிறுவனத்துக்கு விளக்குகளை லிசா யோஹான்சன்-பாபே வரைந்தார். இட்மன் நிறுவனத்துக்கு மவுரி அல்மாரி வரைந்தார். ட்யூனெல் 1918-இல் கூட்டாளிகளோடு தொடங்கிய பட்டறையின் பெயர் டைட்டோ. ஃபின்னிஷ் மொழியில் அதற்குத் 'திறமை' என்று பொருள். 1953-இல் டைட்டோவை இட்மன் வாங்கியது. அதனால் இட்மன் முத்திரை இருக்கிறது என்பதற்காக மட்டும் ட்யூனெல் இல்லை என்று தள்ளவும் முடியாது, ட்யூனெல்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. முத்திரை, மாடல் எண், பழைய கேட்லாக் மூன்றும் ஒத்துப்போனால் பேரம் பேசலாம்.

ட்யூனெலை ஆடம்பரச் சரவிளக்குக்காரர் என்று சுருக்குவதும் சரியில்லை. நியூயார்க்கின் ஃபின்லாந்து ஹவுஸில் 1948-இல் தொங்கிய விளக்குகளும் பனித்துகள் சரவிளக்குகளும் பெயர் வாங்கிக் கொடுத்தன, உண்மைதான். ஆனால் தகர வேலை கற்றுத் தொழிலுக்கு வந்தவர் அவர். ஆல்டோ கட்டிய பைமியோ காசநோய் மருத்துவமனைக்கு விளக்கு செய்து கொடுத்ததும் அவர் பட்டறைதான். நோயாளி கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கும்போது கண் கூசக் கூடாது என்பது அங்கே கணக்கு. எனக்கு அந்த ட்யூனெலைத்தான் அதிகம் பிடிக்கும். அவர் மனைவி ஹெலெனா ட்யூனெலும் பெயர் பெற்ற கண்ணாடிக் கலைஞர். டைட்டோவிலும் வேலை செய்தவர். கட்டுரைகளில் அவரை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

பல்பு விஷயத்தில் நம் ஊர்க் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை. அதைப் போட்டால் பித்தளை வெளிறிப்போய் எவர்சில்வர் மாதிரி நிற்கும். மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் கேளுங்கள். தெளிந்த கண்ணாடி பல்பு போட்டால் ஓட்டைகளின் நிழல் சுவரில் கூர்மையாக விழும். பால்நிற பல்பு போட்டால் மென்மையாகும். எது வேண்டும் என்பது உங்கள் ருசி.

வயரிங்கில் மட்டும் ருசி பார்க்காதீர்கள். அந்தக் காலத்து ரப்பர் உறை தொட்டாலே உதிரும். உடல் முழுக்க உலோகம் என்பதால் எர்த் கட்டாயம். அமெரிக்காவிலிருந்து வரும் விளக்கில் ஹோல்டர் 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம், 230-இல் மாட்டும் முன் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஓட்டை பெரிதாக்கி, புது ஸ்க்ரூ போட அவரை விடாதீர்கள். கழற்றிய பழைய ஹோல்டரையும் வயரையும் ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பரணில் வைத்துவிடுங்கள்.