கத்திரி வெயிலில் பைக் பயணம்: நனைத்துக்கொண்டு மூடிக்கொள்ளுங்கள்

மே மாதத்தில் சென்னையிலிருந்து திருச்சிக்கோ வேலூருக்கோ பைக்கில் போயே ஆக வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கத்திரி மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடிந்துவிடும், அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதிலும் பயனில்லை, நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகு.

முதலில் நேரம். திருச்சி சுமார் 320 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு நான்கரைக்குத் தாம்பரத்தைத் தாண்டிவிட்டால் வெயில் ஏறுவதற்குள் உளுந்தூர்பேட்டை வந்துவிடும், மீதி தூரம்தான் பாடு. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எங்காவது நிழலில் படுத்துவிடுங்கள். அது முடியாதவர்களுக்குத்தான் கீழே உள்ளதெல்லாம்.

உடை. அரைக்கைச் சட்டையோடு காற்று வாங்கிக்கொண்டு போனால் குளுமையாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். காலையில் அது சரி. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி, காற்று அதைவிடக் குறைந்த சூட்டில் இருக்கும்வரை எவ்வளவு படுகிறதோ அவ்வளவு சுகம். வெளியே 39, 40 ஆகிவிட்டால் கணக்கு தலைகீழ். இப்போது காற்றுதான் உடம்புக்குச் சூட்டை ஏற்றுகிறது, வேகமாகப் போகப்போக இன்னும் ஏற்றுகிறது. அதோடு வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரியாது, உடம்பில் தண்ணீர் வற்றுவதும் தெரியாது. ஆகவே முழுக்கை கட்டாயம், கையுறை கட்டாயம், வெளிர் நிறம் நல்லது. சிக்னலில் விற்கும் லைக்ரா கைச்சட்டை வெயிலை மறைக்கும், கீழே விழுந்தால் தோலைக் காப்பாற்றாது, அதனால் என் ஓட்டு எப்போதும் முழங்கையிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டை வைத்த மெஷ் ஜாக்கெட்டுக்குத்தான் (காற்று புகும் வலைத்துணி ஜாக்கெட்).

இனி இந்தப் பதிவின் முக்கியமான படி, எனக்கும் வெகுநாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். சட்டையை நனைத்துக்கொண்டு ஓட்டினால் குளிரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நனைத்த பனியன்மேல் மெஷ் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எண்பதில் போனால் சில கிலோமீட்டருக்குள் மொத்தமும் காய்ந்து பழையபடி அனல் அடிக்கத் தொடங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொள்கிறது, மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இந்தக் கணக்கில்தான். பானையில் தண்ணீர் மெல்லக் கசிகிறது, அதனால் நாள் முழுக்கக் குளிர்கிறது. நமக்கும் அந்த நிதானம் வேண்டும், அதற்குக் காற்றைக் குறைக்க வேண்டும்.

எப்படி? பருத்தி பனியனைக் கழற்றி பக்கெட்டிலோ குழாயடியிலோ முழுக்க முக்கி, சொட்டாத அளவுக்கு மட்டும் பிழிந்து போட்டுக்கொள்ளுங்கள், மேலே போட்டிருக்கும்போதே பாட்டில் தண்ணீரைத் தெளித்தால் முதுகு நனையாது. அதன்மேல் காய்ந்த முழுக்கைச் சட்டை ஒன்று. அதற்கும் மேலே ஜாக்கெட். நடுவில் இருக்கும் அந்தச் சட்டைதான் காற்றைத் தடுத்து ஈரத்தைக் காக்கிறது. காற்றுத் திறப்புகளுக்கு ஜிப் வைத்த, வலையில்லாத துணி ஜாக்கெட் என்றால் நடுச்சட்டை வேண்டாம், முன்பக்கத் திறப்புகளை மூடிவிட்டு, மணிக்கட்டில் கொஞ்சமும் கழுத்தில் இரண்டு விரற்கடையும் திறந்துவையுங்கள், கைவழியே நுழையும் காற்று நெஞ்சைச் சுற்றி வெளியே போகும். இதற்கு மட்டும் ட்ரைஃபிட் எனும் சீக்கிரம் காயும் செயற்கைத் துணிப் பனியன் வேண்டாம், அது தண்ணீரைப் பிடித்துவைக்காது.

இன்னொன்று, இது எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஈசிஆரில் புதுச்சேரி போகிறவர்களுக்குக் கடற்காற்றிலேயே ஈரம் நிறைய, பனியன் காயாமல் உடம்பில் ஒட்டிக்கொண்டு எரிச்சல்தான் மிஞ்சும், அங்கே மெஷ் ஜாக்கெட்டை அப்படியே காற்றோட்டமாகப் போட்டுக்கொள்வது மேல். திண்டிவனம் தாண்டி உள்ளே போகப்போக, பெரம்பலூர் பக்கத்து வறண்ட காற்றில் ஈரப் பனியன் பிரமாதமாக வேலை செய்யும். நனைக்க இடம் தேடி அலைய வேண்டாம், பெட்ரோல் பங்க்கில் குடிநீரும் கழிப்பறையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, கூச்சப்படாமல் கேளுங்கள்.

தண்ணீர். முதுகில் மாட்டும் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பை, உறிஞ்சு குழாயோடு, வாங்கிவிடுங்கள். பாட்டில் என்றால் நிறுத்தித்தான் குடிக்க வேண்டும், ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மனம் தள்ளிக்கொண்டே போகும். கிளம்பும்போது பாதிக்கு ஐஸ் போட்டுக்கொண்டால் முதுகும் குளிரும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு. நடுவில் உப்புப் போட்ட மோர், நுங்கு, திண்டிவனம் பக்கம் தர்பூசணி எல்லாம் சாப்பிடுங்கள். ஓஆர்எஸ் (நீரிழப்புக்கான உப்பு-சர்க்கரைப் பொடி) கலக்கும்போது பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், அரை லிட்டர் பாட்டிலில் மொத்தத்தையும் கொட்டக் கூடாது. டப்பாவில் அடைத்த இனிப்பு பானம் இதற்கு மாற்று அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு ஓஆர்எஸ் என்று பெயர் வைக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தி முகமூடி போட்டு, அதை நனையுங்கள், உள்பஞ்சை நனைக்காதீர்கள், நாறும். மதிய அனலில் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள், திறந்தால் கண் காய்ந்து எரியும். டீக்கடையில் நிறுத்தும்போது சீட்டின்மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள், அது போதும்.

தலைவலி, வாந்தி வருவது போலிருப்பது, வெயிலில் உடம்பு சிலிர்ப்பது, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி நிழலுக்குப் போய் உடம்பை நனையுங்கள். பேச்சு குழறினால், திசை தடுமாறினால் 108-ஐக் கூப்பிடுங்கள், அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

பிறகு சேர்த்தது: படித்தவர்கள் சிலர் கேட்டதில் மூன்றுக்கு இங்கேயே பதில். கழுத்தில் ஈரத்துண்டோ துப்பட்டாவோ சுற்றுவது நல்லதுதான், ஆனால் இரண்டு முனையும் ஜாக்கெட்டுக்குள் போய்விட வேண்டும், பறந்து சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. டேங்கை நிரப்பினால் வெயிலில் வெடிக்கும் என்று ஒவ்வொரு கோடையிலும் வாட்ஸ்அப்பில் வருவது பொய், குறிப்பிட்ட அளவுவரை நிரப்பலாம் என்று இந்தியன் ஆயிலே விளக்கம் கொடுத்திருக்கிறது. டயர் காற்றைப் பொறுத்தவரை, சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், காலையில் கிளம்பும்முன் குளிர்ந்த டயரில் பார்த்த அளவே சரி.

பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் தனியாகத் தண்ணீர்ப் பையும் ஈரப் பனியனும் வேண்டும், அவருக்குக் காற்றும் குறைவு, எஞ்சின் சூடும் காலில் அடிக்கும். நீங்கள் நிறுத்தும்போது அல்ல, அவர் கேட்கும்போது நிறுத்துங்கள்.