மருத்துவ ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஜி.எச். வார்டு முதல் பி.எச்.சி. வரை

எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் எல்லோரும் ஒரு தீசிஸ் எழுதியாக வேண்டும். இப்போது ஆரம்ப சுகாதார நிலைய (பி.எச்.சி.) மருத்துவர்களும் தங்கள் பகுதி நோயாளிகளை வைத்து ஆய்வு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எல்லாம் எக்செல்லில் ஏறிய பிறகு, "சார், இதுல பி வேல்யூ வருமா பாருங்க" என்று, முடிவு தற்செயலாகவும் வந்திருக்குமா என்று காட்டும் அந்த எண்ணைக் கேட்டுப் புள்ளியியலாளரிடம் நீட்டும்போது செய்வதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிச்சமிருக்காது. தவறு நடந்தது முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கும் முன்னால். அந்த வகைத் தவறுகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

எந்த வாசலில் வந்த நோயாளி?

1961இல் அமெரிக்காவில் கெர் ஒயிட்டும் அவரது சகாக்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பெரியவர்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஓர் உடல்நலக் குறை இருக்கிறது. அதில் 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். ஒன்பது பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேருபவர் ஒரே ஒருவர். எண்கள் நாட்டுக்கு நாடு மாறலாம், வடிவம் மாறாது. மருத்துவக் கல்லூரி வார்டில் ஆய்வு செய்பவர் பார்ப்பது அந்த ஒருவரை. மிச்சமுள்ள 249 பேருக்கும் அந்த முடிவு பொருந்தும் என்று எழுதுவதுதான், நான் பார்த்த வரையில், மிக அதிகமாக நடக்கும் தவறு. யாரும் அதைத் தவறாக நினைப்பதுகூட இல்லை.

பரிசோதனைகளைப் பற்றிய ஆய்வில் இது பளிச்சென்று தெரியும். நோய் இருப்பவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும் ஒரு டெஸ்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய மருத்துவமனையின் சிறப்புப் பிரிவுக்கு வரும் 1000 பேரில் 300 பேருக்கு அந்த நோய் இருந்தால், டெஸ்ட் 270 பேரைச் சரியாகவும் 70 பேரைத் தவறாகவும் 'பாசிட்டிவ்' என்று காட்டும். பாசிட்டிவ் வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு நோய் உண்மையிலேயே இருக்கிறது. நல்ல டெஸ்ட்தான். இப்போது அதையே பி.எச்.சி.க்குக் கொண்டு போங்கள். அங்கே 1000 பேரில் பத்துப் பேருக்குத்தான் அந்த நோய். டெஸ்ட் ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாத 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். பாசிட்டிவ் வந்த 108 பேரில் 99 பேர் சும்மா பயந்துபோய், பஸ் ஏறி ஜி.எச்.சுக்கு அலைவார்கள். டெஸ்ட் அதேதான். வாசல்தான் வேறு. நிஜத்தில் அந்த 90 என்ற அளவும் இடத்துக்கு இடம் மாறும், அதனால் நிலைமை இன்னும் சிக்கல்.

சிகிச்சையிலும் இதே கதைதான். கோவிட் காலத்தில் பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வு 6,425 நோயாளிகளை வைத்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடமும் பலன் தெரிந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை. மருந்து கொடுத்தவர்களில் 17.8, கொடுக்காதவர்களில் 14.0 சதவீதம் இறந்தார்கள். தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம்தான், ஆனால் திசை நல்லதாக இல்லை. 2020இலேயே இவ்வளவும் அச்சில் வந்துவிட்டது. ஆனாலும் 2021 இரண்டாம் அலையில் வீட்டில் லேசான காய்ச்சலோடு இருந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எழுதப்பட்டது. அந்த ஆண்டு கருப்புப் பூஞ்சை பெருகியதற்குக் கட்டுப்படாத சர்க்கரையோடு சேர்த்து இந்த ஸ்டீராய்டும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆய்வில் குறை இல்லை. படித்தவர்கள் 'யாருக்கு' என்ற வார்த்தையைத் தாண்டிப் போனார்கள்.

ஆகவே கைடிடம் தலைப்பைக் கொண்டு போவதற்கு முன்பு ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: இந்த முடிவை யார், எந்த இடத்தில் பயன்படுத்தப் போகிறார்? அந்த இடத்து நோயாளிகள் உங்கள் ஆய்வில் இல்லையென்றால், தலைப்பை மாற்றுங்கள், அல்லது ஆய்வு செய்யும் இடத்தை மாற்றுங்கள்.

ஒற்றைப்படை ஓ.பி. சீட்டு

'ரேண்டம் முறையில் பிரித்தோம்', அதாவது குலுக்கல் போல யாருடைய விருப்பமும் இல்லாமல் பிரித்தோம், என்று எழுதியிருப்பார்கள். எப்படி என்று கேட்டால், ஓ.பி. எண் ஒற்றைப்படை என்றால் புது மருந்து, இரட்டைப்படை என்றால் பழைய மருந்து. அல்லது திங்கள், புதன் வருபவர்களுக்கு ஒன்று, செவ்வாய், வியாழன் வருபவர்களுக்கு இன்னொன்று. இது ரேண்டம் இல்லை. அடுத்தவருக்கு என்ன மருந்து போகும் என்பது சேர்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மூச்சு வாங்கிக்கொண்டு வரும் பாட்டியைப் பார்த்ததும், 'இவங்களை நாளைக்கு வரச் சொல்லுவோம்' என்று தோன்றும். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டாம், இரக்கமே போதும், ஆய்வு கோணிக்கொள்ளும். கென்னத் ஷுல்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 250 ஆய்வுகளை அலசி 1995இல் இதை எழுதினார்கள்: யாருக்கு எது என்பதைச் சரியாக மறைக்காத ஆய்வுகளில், ஆட்ஸ் ரேஷியோ (இரு பிரிவுகளின் வாய்ப்புகளை ஒப்பிடும் விகிதம்) கணக்கில் பலன் சுமார் 41 சதவீதம் ஊதித் தெரிந்தது. கம்ப்யூட்டரில் பட்டியல் தயாரித்து, ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவரிடம் ஒளி ஊடுருவாத உறைகளாக ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். பெரிய செலவு இல்லை.

பி.எச்.சி.யில் அதிகம் நடக்கும் இரண்டு கோளாறுகள்

முகாம் போடுகிறார்கள். பி.பி. 160க்கு மேல் இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து உப்பைக் குறைக்கச் சொல்லி வகுப்பு எடுக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சராசரி இறங்கியிருக்கிறது. வெற்றி! ஆனால் வகுப்பே எடுக்காமல் விட்டிருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பி.பி. நாளுக்கு நாள் ஏறி இறங்கும் சமாச்சாரம். உச்சத்தில் இருந்த நாளில் பிடித்தவர்களை மறுபடி அளந்தால், பலருக்குத் தன் இயல்பான அளவுக்குத் திரும்பியிருக்கும். கண்ட்ரோல் குரூப் (வகுப்பு எடுக்காமல் ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் பிரிவு) இல்லாத 'முன்-பின்' ஆய்வில் எவ்வளவு வகுப்பால், எவ்வளவு இந்தத் திரும்பலால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு சின்ன விஷயம்: பதிவேட்டைப் புரட்டினால் பி.பி. எல்லாம் 120, 130, 140 என்று பூஜ்யத்திலேயே முடியும். அளப்பவருக்குப் பயிற்சி கொடுக்காமல் அந்தப் பதிவேட்டை நம்பி ஆய்வு செய்யாதீர்கள்.

அடுத்தது, பி.எச்.சி.களையே பிரித்து, நான்கில் புது முறை, நான்கில் பழைய முறை என்று செய்துவிட்டு, கணக்குப் போடும்போது நோயாளிகளைத் தனித்தனி ஆட்களாக எண்ணுவது. ஒரே பி.எச்.சி.க்கு வருபவர்கள் ஒரே மருத்துவரைப் பார்க்கிறார்கள், ஒரே கிராம சுகாதார செவிலியரிடம் அறிவுரை கேட்கிறார்கள். அவர்களுக்குள் ஒற்றுமை இருக்கும். ஒரு நிலையத்துக்கு 50 பேர், ஒற்றுமையின் அளவு (முழு ஒற்றுமை என்றால் 1) வெறும் 0.02 என்றாலும் தேவையான எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்: 49ஐ 0.02ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள், 1.98. ஒவ்வொரு பிரிவுக்கும் 200 பேர் போதும் என்று நினைத்த ஆய்வுக்கு 400 பேர் வேண்டும். ஆய்வை முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

சேர்ந்தவர்கள், காணாமல் போனவர்கள்

ஆய்வு தொடங்கும் வரை ஓ.பி.யில் வரிசை கட்டி நின்ற நோயாளிகள், தொடங்கிய மறுநாள் மாயமாகிவிடுவார்கள். அமெரிக்க மருந்தியலாளர் லூயி லசாக்னாவின் பெயரில் இதை ஒரு விதியாகவே சொல்வார்கள். கால அட்டவணை போடும்போது நினைவில் இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய தலைவலி, பாதியில் நின்றவர்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எந்த மருந்தும் நன்றாகத்தான் தெரியும். பக்கவிளைவு தாங்காமல் நின்றவர்கள்தானே விடைக்கே முக்கியம்? எந்தப் பிரிவில் சேர்த்தீர்களோ, அந்தப் பிரிவிலேயே அவரைக் கடைசி வரை எண்ண வேண்டும்.

இதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1956இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின; இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை ரேண்டமாகப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை) மீதிப் பேருக்கு வீட்டிலும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் மேல். ஆனாலும் முடிவில் நோய் அடங்கியவர்கள் அங்கே 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

முடிவைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் வேலை செய்த விதம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். செல்போன் இல்லாத காலம் அது. இன்று தீசிஸில் 'தொடர்பு கொள்ள இயலவில்லை' என்று ஒரு வரியில் முப்பது பேரைக் கழிப்பவர்கள், சேர்க்கும் நாளிலேயே இரண்டாவது போன் எண், பக்கத்து வீட்டுக்காரர் பெயர், தெரு அடையாளம் மூன்றையும் வாங்கி வைத்தால் பாதிப் பேராவது கிடைப்பார்கள்.

மிதுனமும் துலாமும்

மொத்தத்தில் பலன் இல்லை என்று தெரிந்ததும், பெண்களில் மட்டும் பார்ப்போம், 50 வயதுக்கு மேல் மட்டும் பார்ப்போம் என்று வெட்டிக்கொண்டே போவது ஒரு பழக்கம். 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் ஆஸ்பிரின் உயிரைக் காக்கிறது என்று உறுதியாகக் காட்டியது. துணைப்பிரிவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்ட, அந்த ஆய்வாளர்களே நோயாளிகளைப் பிறந்த ராசிப்படி பிரித்தும் ஒரு வரி போட்டார்கள். மேல்நாட்டுக் கணக்கில் மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலிக்கவில்லை! நம் ஊரில் இதை நிஜமென்று நம்பவும் ஆள் இருக்கும் என்பது வேறு விஷயம். எந்தப் பிரிவுகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை, ஆய்வுக்கு முன்பே எழுதும் திட்டமான புரோட்டோகாலிலேயே எழுதிவிடுங்கள். பிறகு தோன்றியதை, பிறகு தோன்றியது என்றே சொல்லுங்கள்.

கையெழுத்தும் பதிவும்

சிகிச்சை தரும் மருத்துவரே 'இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா' என்றால் மறுப்பவர் அரிது. போடாவிட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார், மாத்திரை கிடைக்காது என்ற பயம் உள்ளே இருக்கும். முடிந்தால் சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் பேசட்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துவிட்டு வரட்டும். ஒப்புதல் படிவத்தின் தமிழ் அரசாணைத் (ஜி.ஓ.) தமிழாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, வார்டில் பேசும் தமிழில் எழுதுங்கள்.

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) தடுப்பூசித் திட்டத்தில் விடுதிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. நடந்த சில மரணங்கள் தடுப்பூசியால்தான் என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒப்புதலில் விட்ட ஓட்டை, நல்ல தடுப்பூசி ஒன்றின் பெயரைப் பல ஆண்டுகளுக்குக் கெடுத்தது.

புது மருந்துச் சோதனை என்றால் மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் பொருந்தும். கடுமையான பாதிப்பு ஏதும் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 'மருந்தால் வந்ததா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம்' என்று காத்திருக்க இடமில்லை.

கடைசியாக, இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு. 2018 ஏப்ரல் 1 முதல், நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்ட சோதனைகளை அங்கே பதிவு செய்ய முடியாது. சிகிச்சையைச் சோதிக்கும் தீசிஸ் என்றாலும் இதே விதிதான். ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியின் கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அதற்கும் நாள் பிடிக்கும். பதிவு எண் வரும் வரை ஒருவரைக்கூடச் சேர்க்க வேண்டாம்.